குதிங்காலில் ஒன்றுமில்லை

பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ரோஸ்லின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பேசக்கூடாது, கையைக் காலை ஆட்டக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது, போன் கூடாது, தூக்கம் வந்தால் தூங்கலாம். ஊசியில் ஏற்றியிருப்பது சர்க்கரை மாதிரி ஒரு மருந்தாம். அதில் கொஞ்சம் கதிர் கலந்திருக்கிறதாம். உடம்பில் எந்தத் தசை வேலை செய்கிறதோ அது அந்த மருந்தை இழுத்துக்கொள்ளுமாம், புற்று எங்கே ஒளிந்திருக்கிறதோ அதுவும் ஆலாய்ப் பறந்து இழுத்துக்கொள்ளுமாம். "பேசினீங்கன்னா தொண்டை இழுத்துக்கும்மா. அப்புறம் மெஷின்ல தொண்டை வெளிச்சமாத் தெரியும், டாக்டர் அங்கேயும் ஏதோ இருக்குன்னு நினைச்சுக்குவாங்க. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம சாஞ்சிருங்க, போதும்." துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அதையும் அடக்கிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு வெள்ளக்கோயிலிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் காரில் கூட்டி வந்து ஊசி போட வேண்டுமா என்ன. சென்னியப்பன் சம்சாரத்துக்கு அது கட்டிக்கொடுத்த நாளிலிருந்து கைவந்த வேலை. நல்லா இருக்கீங்களா என்று வீட்டுக்கு வந்த ஒறம்பரை சனம் கேட்டால்கூட அவள் வாயெடுப்பதற்குள் அவர், அவளுக்கென்னுங்க, நல்லாத்தான் இருக்கறா என்று முடித்துவிடுவார். இத்தனை வருசமாய் விழுங்கி வைத்ததெல்லாம் தொண்டையில்தானே கிடக்கிறது, அதுவும் வெளிச்சமாய்த் தெரியுமோ என்னவோ, தெரிந்தால் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கட்டும். அறை சின்னது. சாய்வு நாற்காலி, ஒரு போர்வை, குடிக்கச் சொன்ன தண்ணீர் பாட்டில், மூலையில் ஒரு கேமரா. ஏசிக்காற்று நேராகக் காலில் வந்து அடித்தது. போர்வையைக் கீழே இழுத்துவிடலாம் என்றால் கையை ஆட்டக்கூடாது.

கால்தான் குளிர்ந்தது. அதிலும் விரல். மெட்டி இல்லாத விரல் அம்மணமாய் இருப்பதுபோல் கூச்சமாக இருந்தது. தலையிலிருந்து பாதம் வரைக்கும் படம் எடுக்கணும், உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று ரோஸ்லின் சொன்னதும், மெட்டி எதுக்குங்க கழட்டோணும் என்று அவர் ஒரு மல்லுக்கட்டு கட்டிப்பார்த்தார். கடைசியில் மருமகள் கிருத்திகாதான் கீழே உட்கார்ந்து சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகித் திருகிக் கழற்றினாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தனக்கே ஏதோ ஆகிவிட்ட மாதிரி. சாகப் போவது யாரென்று ஒரு நிமிசம் அவருக்குக் குழப்பம் வந்திருக்கும். சாகப் போவது என்று இதுவரைக்கும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. கேட்கவும் அவளுக்குத் துணிச்சல் இல்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியதைத்தான் முதலில் பார்த்தாள், நெறி கட்டாத ஆள் யார், காலில் முள் குத்தினால்கூடக் கட்டும், ரெண்டு நாளில் வடிந்துவிடும் என்று சும்மா இருந்தாள். வடியவில்லை. நெல்லிக்காய் அளவு, அப்புறம் எலுமிச்சங்காய் அளவு. ஊர் டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்து, அப்புறம் அறுத்துச் சோதனைக்கு அனுப்பி, அது கறுப்பாக இருந்ததென்று பேர் ஒன்று எழுதிக் கொடுத்தார், மெலனோமா. சென்னியப்பனுக்கு அது வாயில் நுழையவில்லை, மலைநோமா என்றார். கோயமுத்தூர் டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டவள், மேகலா என்று பேர், பொறுமையாகத்தான் சொன்னாள். "இது தோல்ல வர்ற புத்து அம்மா. தோல்ல எங்கயோ ஆரம்பிச்சு நெறிக்கு வந்திருக்கு. ஆரம்பிச்ச இடம் எதுன்னு தேடணும்." தேடினார்கள். அடேயப்பா, என்ன தேடல். போலீஸ்காரன் திருட்டு நகை தேடுகிற மாதிரி. தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணுக்குள் விளக்கடித்தார்கள், மூக்குக்குள் குழாய் விட்டார்கள், வாயைத் திற, நாக்கைத் தூக்கு, நகத்தைக் காட்டு. புருசன்கூட இன்னதென்று பார்த்தறியாத இடமெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வி, மச்சம் ஏதாவது இருந்துச்சா, பெருசாச்சா, நிறம் மாறிச்சா. கேள்வி அவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். பதில் அவரிடமிருந்து வரும். ஒண்ணுமில்லீங்க. தோல் டாக்டர் ஒருவர்தான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பாதத்தில் நின்றார். வலது குதிங்காலில் தோல் வெளுத்து வழவழவென்று ஒரு வட்டம். இது என்ன என்றார். "குண்டம் எறங்குனதுங்க, நேர்த்திக்கடன், தீக்காயம்" என்று அவர் சொல்ல, டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த காலுக்குப் போய்விட்டார். துளசிமணி புருசனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த தோல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொன்னார் என்று சொல்ல முடியுமா. அதுதான் வயிற்றெரிச்சல். தீக்காயம்தானே, பொய்யா. அங்கே அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று டாக்டர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை, வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது. இருந்தது ஒரு கறுப்பு. களத்தில் கண்டுபிடித்தாள். அவர்களுக்குத் தேங்காய் உலர்களம், உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பிப் புரட்டிவிட வேண்டும், ஆள் வராத நாளில் அவளும் இறங்கிவிடுவாள், வெறுங்காலோடு, சிமெண்டுத் தளம் மத்தியானத்தில் தோசைக்கல். சாயந்திரம் கால் கழுவும்போது குதிங்காலில் தார் ஒட்டியிருக்கிறதென்று நினைத்துச் சீமெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கல் வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. மிளகு அளவு இருந்தது மொச்சைக்கொட்டை அளவாகி, ஓரம் பிய்ந்த மாதிரி, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் காப்பிக்கொட்டை நிறம். கால் ஆணியாக இருக்கும் என்றாள் பக்கத்துக் களத்துக்காரி. ஆணி வலிக்கும், இது வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலையே. ஒருநாள் அவரிடம் சொன்னாள். எப்போது சொன்னாள் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவள் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அவருக்குச் சர்க்கரை. காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் ஆறாது, அப்புறம் விரலை எடுக்க வேண்டியதாகிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பியதிலிருந்து முற்றத்துக்குக்கூட வெறுங்காலோடு இறங்க மாட்டார். மெத்துமெத்தென்று தனிச் செருப்பு, வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று. தினமும் விளக்கு வைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ரெண்டு காலையும் முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்வார். அவள் கீழே உட்கார்ந்து டார்ச் அடித்து விரல் இடுக்கு, குதிங்கால், பாதத்தின் குழிவு எல்லாம் பார்த்து, தேங்காயெண்ணெய் தடவி, ஒண்ணுமில்லீங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அன்றைக்கு அப்படிப் பார்த்து முடித்துவிட்டு, "ஏனுங்க, என் காலுல ஒரு கறுப்பு வந்து பெருசாகுதுங்க, டாக்டர்கிட்டக் காட்டலாமுங்களா" என்றாள். அதே டார்ச்சை அவர் ஒரு தரம் அவள் பக்கம் திருப்பியிருக்கலாம். பேப்பரை மடித்துக்கொண்டே, "கோயில் நோம்பி போகட்டும் பார்க்கலாம், இப்ப ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போனா விரதம் கெட்டுப்போகும்" என்றார். அவளும் சரிங்க என்றாள். சரிங்க, சரிங்க, வேறென்ன தெரியும் இந்த வாய்க்கு.

விரதம் அவளுடையது. வேண்டுதல் அவருடையது. மகன் நந்தகோபாலுக்குப் பெண் அமையாமல் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நாலு ஜில்லா சுற்றிச் செருப்புத் தேய்ந்த காலம் அது. ஒருநாள் ஆலங்காட்டு மாரியாத்தா கோயிலில் நின்று, மகனுக்குப் பொண்ணு அமைஞ்சா எஞ்சம்சாரம் குண்டம் எறங்குவா என்று வேண்டிக்கொண்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி மாதிரி சொன்னார். நீங்க எறங்கலீங்களா என்று அவள் கேட்கவில்லை, ரசத்தை ஊற்றினாள். அவருக்குத்தான் சர்க்கரையே, ஆத்தாளுக்கும் அது தெரியாதா என்ன. பெண் அமைந்தது, கிருத்திகா, நல்ல பிள்ளை. துளசிமணி மஞ்சள் சேலை கட்டி, காப்புக் கட்டி, ஒருவேளை சோறு தின்று, விடியக் காலையில் வரிசையில் நின்றாள். பூசாரி கங்கு பரப்பிய குண்டத்தில் பூப்பந்தை உருட்டிவிட்டு முதலில் இறங்கினார். அவர் பின்னால் நூறு பேர், எல்லோரும் பூவில் நடக்கிற மாதிரி நடந்தார்கள். இவளும் நடந்தாள். நடுவில் ஒரு கங்கு குதிங்காலில் ஒட்டிக்கொண்டது. வலது குதிங்கால். சரியாக அந்த இடம். உதற முடியாது, நின்றால் பின்னால் வருகிறவர்கள் மேலே விழுவார்கள், கங்கை மிதித்துக்கொண்டே கரையேறினாள். அந்த எரிச்சல் இப்போது நினைத்தாலும் இந்த ஏசிக் குளிரில் குதிங்காலில் வந்து உட்காருகிறது. இழுத்துக்கொள்கிறதோ, மருந்தை. கொப்புளம் போட்டது. குண்டத்தில் கால் வெந்தால் ஊர் என்ன பேசும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விரதத்தில் ஏதோ குத்தம் என்றார்கள். சுத்தபத்தமாக இல்லை என்றார்கள். அவள் நாத்தனார், "நீ என்ன பண்ணித் தொலைச்ச" என்றே கேட்டாள். துளசிமணி கட்டிலில் கிடந்து அழுதாள். நாளாக ஆகத் தோல் உரிந்தது, உரிந்த தோலோடு கறுப்பும் போயிருந்தது, அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல். அதைப் பார்த்தது அவர்தான், கட்டு மாற்றும்போது எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எங்க அந்தக் கறுப்பு. பாத்தியா துளசி, ஆத்தா எடுத்துட்டா. வெந்தது குத்தத்துல இல்லை, உன் நோவை எடுக்கறதுக்குத்தான் அந்த எடத்துல கை வெச்சிருக்கறா." அன்றைக்கு அவர் மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் வந்தது. மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாரே. குத்தம் செய்தவள் ஒரே நாளில் அருள் வாங்கியவள் ஆனாள். பெண்டுகள் வந்தார்கள், காலைக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடுத்த வருசம் கோயில் வாசலில் வைத்த பிளக்ஸில் மூலையில் அவள் படம், மஞ்சள் சேலையோடு. நாத்தனார்கூடக் காலைத் தொட்டாள். பிறந்ததிலிருந்து துளசிமணி என்று ஒருத்தி இருப்பதை ஊர் பார்த்தது அந்தக் காலை வைத்துத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேச்சை அப்புறம் யார் எடுப்பார்கள், ஆத்தாளை நம்பவில்லையா நீ என்று கேட்டுவிட மாட்டார்களா. அவளே நம்பினாள். இன்னமும் பாதி நம்புகிறாள். அதுதான் வாயை அடைக்கிறது. டாக்டரிடம் அங்கே கறுப்பு இருந்தது என்று சொன்னால் ஆத்தா எடுக்கவில்லை என்று சொன்னதாகிவிடும். இந்த நிலைமையில் ஆத்தாளையும் பகைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. போன் பேசினால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கிற குரல். வெள்ளிக்கிழமை காப்புங்க, ஆமாங்க, மருமகதான் எறங்கறா, அவங்க அத்தைக்காக வேண்டியிருக்குது. காரில் வரும்போதுதான் இதைச் சொன்னார். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, திரும்பாமல். "ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன், துளசிக்கு இது நல்லாயிருச்சுன்னா கிருத்திகா குண்டம் எறங்குவா." வேண்டுவதற்கு ஒரு வாய், இறங்குவதற்கு வேறொரு கால், இதுதான் அவர் பக்தி. கிருத்திகா என்ன செய்தாள், பின் சீட்டில் துளசிமணி கையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க மாமா" என்றாள். அப்புறம் அவள் காதோடு, "நீங்க எறங்குனதாலதான அத்தை நானே இந்த வீட்டுக்கு வந்தேன், உங்களுக்கு நான் எறங்க மாட்டனா" என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் சந்தேகம் ஒரு பொட்டு இல்லை. எங்கிருந்து வந்தது அந்த நம்பிக்கை, துளசிமணி தூக்கித் தூக்கிக் காட்டிய காலிலிருந்துதானே. வந்த புதிதில் அந்தப் பிள்ளையும் தொட்டுக் கும்பிட்டதுதானே. அவள் கால் இன்னும் குழந்தைக்கால் மாதிரி இருக்கும், கொலுசு போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஓடுவாள். அந்தக் காலில் ஒரு கங்கு ஒட்டினால். ஒட்டாமலும் போகலாம், நூறு பேருக்கு ஒட்டவில்லையே. கால் வெந்தாலும் ஆறிவிடும், அதைப் பற்றி இல்லை. ஒட்டினாலும் இவர் அதற்கொரு கதை கட்டுவார், அதையும் அந்தப் பிள்ளை நம்பும், நாளைக்கு அவளுக்கு மாரிலோ வயிற்றிலோ ஒரு கட்டி வந்தால் நோம்பி போகட்டும் என்று இவர் சொல்வார், அதுவும் சரிங்க மாமா என்று சொல்லிவிட்டு இருக்கும். அதைத்தான் துளசிமணியால் தாங்க முடியவில்லை. காப்புக் கட்டிவிட்டால் முடிந்தது, கட்டிய பிறகு வேண்டாமென்று யார் சொல்வது. சொன்னால் இன்றைக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு என்றால் எப்போது, இந்த ஒரு மணி நேரம் முடிந்தா. ஒருவேளை சொல்லவே வேண்டியதில்லாமலும் போகலாம். மெஷின் இருக்கிறதே. குதிங்காலில் மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்து இந்தச் சர்க்கரையை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்துவிட்டால், மெஷினே சொல்லிவிடும், இங்கேதான் ஆரம்பித்தது என்று. மெஷின் சொன்னால் மெஷினோடு யார் சண்டைக்குப் போவார்கள். ஆத்தாளும் அவள் மேல் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லையே தாயே என்று சொல்லிவிடலாம். தெரி, தெரி என்று குதிங்காலைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினாள். தன் உடம்பில் புற்று இன்னும் ஒரு இடத்தில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பைத்தியக்காரி இந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சாவதற்குப் பயமாக இருந்தது. அதைவிட, செத்த பிறகு கோயில் வாசலில் மறுபடியும் மூலையில் தன் படத்தைப் போட்டு, பக்கத்தில் கிருத்திகா படத்தையும் போடுவார்கள் என்று நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. எச்சில் விழுங்கினாள், விழுங்கலாமா என்று அப்புறம்தான் யோசித்தாள்.

ரோஸ்லின் வந்து எழுப்பி, சிறுநீர் போய்வரச் சொல்லி, மெஷினுக்குள் படுக்க வைத்தாள். மெஷின் சத்தமில்லாமல் உள்ளே இழுத்தது, கடைசியில் காலையும் இழுத்துக்கொண்டது. துளசிமணி கண்ணை மூடிக்கொண்டு குதிங்காலையே நினைத்தாள். முடிந்ததும், "இன்னைக்குப் பூரா சின்னக் குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல போகாதீங்கம்மா, இனிமே பேசலாம்" என்றாள் ரோஸ்லின். பேசலாம் என்றதும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தேங்க்ஸ் கண்ணு என்றாள்.

மேகலா டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு உடம்பு, அங்கங்கே மஞ்சள் பொட்டு. "முழு ரிப்போர்ட் நாளைக்குத்தாம்மா வரும். பார்த்தவரைக்கும் சொல்றேன். தொடை இடுக்குல இருக்கு, ஈரல்ல ரெண்டு இடத்துல இருக்கு. மருந்து இருக்கு, ஆரம்பிக்கலாம். ஆனா ஆரம்பிச்ச இடம் மட்டும் இதுலயும் தெரியல. கால் ரெண்டும் சுத்தமா இருக்கு, ஒண்ணுமில்ல." ஈரல் என்ற சொல் அவள் காதில் விழுந்து எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது, அதற்கு அப்புறம் அழுதுகொள்ளலாம். சாம்பல் படத்தில் குதிங்காலைத் தேடினாள். வெறும் சாம்பல். மெஷினும் ஊமையாகிவிட்டது. "அதானுங்களே, நாந்தான் மொதல்லயே சொன்னனுங்களே, ஒண்ணுமில்லைன்னு" என்று அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருந்துச்சுங்க" என்றாள் துளசிமணி.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. டாக்டர் திரும்பினாள். அவரும் திரும்பினார். "வலது குதிங்கால்லீங்க. கறுப்பா, மொச்சைக்கொட்டை அளவு. ரெண்டு வருசமாப் பெருசாயிட்டே இருந்துச்சு. அப்பறம் குண்டம் எறங்குனேன், அந்த எடம் வெந்து, தோலோட உரிஞ்சு போயிருச்சு. அது தீக்காயம் மட்டும் இல்லீங்க." டாக்டர் எழுந்து வந்து கீழே குந்தி அவள் காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள், விரலால் தடவினாள். "இதுவா இருக்கலாம்மா. சில பேருக்கு மேல இருக்கறது தானாவே மறைஞ்சுரும், அதுக்குள்ள உள்ள போக வேண்டியது போயிருக்கும். இத்தனை வருசம் கழிச்சு இதுதான்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. அப்பவே காட்டியிருந்தா" என்று சொல்லி, மேலே சொல்லாமல் காலைக் கீழே வைத்தாள். அவர்தான் பேசினார். "ஆத்தா எடுத்துட்டான்னு ஊருக்கே தெரியுமுங்க டாக்டர். இவதான் எல்லாத்துக்கும் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டிட்டுத் திரிஞ்சா." "ஆமாங்க, காட்டுனேன்" என்றாள் அவள். பொய்யா என்ன. "மொதல்ல உங்ககிட்டத்தான் சொன்னேன், டாக்டர்கிட்டக் காட்டலாமுங்களான்னு."

வராந்தாவில் கிருத்திகா மெட்டியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தையைக் கண்டதும் எழுந்து, "என்னுங்கத்தை சொன்னாங்க" என்றாள். துளசிமணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை இடது முழங்கால் மேல் போட்டுப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். எதிர் வரிசையில் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். "தொட்டுக் கும்பிட்டியே கண்ணு, இங்கிருந்துதான் உள்ள போயிருக்கும்போல. ஆத்தா எடுக்கலை. நாந்தான் எடுத்துட்டான்னு சொல்லிட்டு இருந்தேன். நீ எறங்க வேண்டாம்." கிருத்திகா காலைப் பார்த்தாள், அத்தை முகத்தைப் பார்த்தாள், மாமா முகத்தைப் பார்த்தாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "நாலு பேர் இருக்கற எடத்துல என்ன பேச்சு இது. வேண்டிக்கிட்டாச்சு துளசி. ஆத்தாகிட்டச் சொன்ன வாக்கு, எறங்கித்தான் ஆகோணும்" என்றார்.

"சொன்னது நீங்கதானுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சோறு போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் வேணுமுங்களா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். "நீங்க எறங்குங்க. உங்க காலு நல்லாத்தான் இருக்குது. தெனமும் நாந்தான டார்ச் அடிச்சுப் பாக்கறேன், ஒரு கீறல் கெடையாது. இனி நான் பாக்கறதா இல்லை, நீங்களே பாத்துக்கோங்க."

கிருத்திகா கைக்குட்டையை அவிழ்த்து மெட்டியை நீட்டினாள். துளசிமணி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, மருமகள் தோளைப் பிடித்தபடி லிப்டுப் பக்கம் நடந்தாள். சென்னியப்பன் அந்த மெத்துச் செருப்புக்குள் இருந்த தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.